அறுபத்தொன்றாவது பார்சல்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே மழை. நாள் முழுக்க ஈர சாக்ஸ். பார்சல் கவுன்ட்டர் பிரின்டர் மக்கர், சரிசெய்யக் கீழே போனேன். ஒரு பெரியவர், கையில் விழாக்கால நிலா கேக் பெட்டி, இங்கே வியட்நாமிலேயே டா நாங் நகரில் இருக்கும் மகளுக்கு. கவுன்ட்டர் ஹோவா அக்கா கையை விரித்தாள். "இன்னிக்கு முடிஞ்சது, நாளைக்கு வாங்க." மணி மூன்றுதான். ஏன் என்றேன். "அறுபதுக்கு மேல எடுத்தா கம்ப்யூட்டர் நின்னுடுது. பார்சல் ஏத்துற விமானக் கம்பெனி ரூல் போல."

ரூல் இல்லை. நான். ஜூனில் இந்தப் பார்சல் புரோகிராமில் அரே (எத்தனை இடம் என்று முன்பே சொல்லிவிட வேண்டிய பட்டியல்) எழுதும்போது, போதும் என்று நினைத்துப் போட்ட 60.

சொல்லவில்லை. பேப்பர் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டேன். சீ.

9, செவ்வாய்

மேனேஜர் ரவி சார் அறை வாசல் வரை நான்கு தடவை. ஐந்தாவதில் சொல்லிவிட்டேன்.

"500-ன்னு மாத்திடும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

"அதுவும் ஒருநாள் நிறையும் சார். லிஸ்ட்டா மாத்துறேன். பார்சல் சேரச் சேர அதுவே வளரும்."

"புரொபேஷன் முடிய பத்து நாள்தான் இருக்கு. உடைச்சு வச்சிடாத."

மாற்ற வேண்டியவை:
- பார்சல் சேர்ப்பது
- எண்ணிக்கை (காலி இடத்தையும் சேர்த்து எப்போதும் 60 என்கிறது!)
- ரத்து
- குடை வாங்க

10, புதன்

சோதித்துப் பார்க்க 75 பொய்ப் பார்சல் போட்டேன். எல்லாம் ஏறியது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு ரத்து என்றால் இரண்டாவது தப்பிவிடுகிறது. மதியம் வரை முழித்தேன். அரேயில் நீக்கினால் இடம் காலியாகக் கிடக்கும். லிஸ்ட்டில் பின்னால் இருப்பது முன்னால் நகர்ந்துவிடும், நான் அதைத் தாண்டிப் போய்விடுகிறேன். கடைசியிலிருந்து நீக்கிக்கொண்டு வந்தேன். சரி.

காரைக்காலிலிருந்து அப்பா போன். "ஆபீஸ்ல ஏச்சு வாங்காம இரும்மா." வீட்டில் முதல் டிகிரி நான், அவருக்கு அந்தப் பயம். தப்பு பண்ணிட்டேன், சரி பண்றேன் என்றேன். "என்ன தப்பு?" "ஒரு நம்பர் போட்டேன்." "இவ்வளவுதானா?"

11, வியாழன்

காலையில் புதிய புரோகிராம் ஓட ஆரம்பித்தது. மூன்று மணிக்கு என் திரையில் எண்ணிக்கை 60. மூன்றரைக்கும் 60. உடைத்துவிட்டேனா? இறங்கி ஓடினேன்.

உடையவில்லை. ஹோவா அக்கா வழக்கம்போல "நாளை வரவும்" பலகையைத் திருப்பி வைத்திருந்தாள். வாசலில் மழைக்கோட்டோடு மூன்று பேர். அவளிடம் யாருமே சொல்லவில்லை. நானும்தான்.

என் அரைகுறை வியட்நாமியத்தில்: "அக்கா, அது ரூல் இல்லை. அறுபது நான் போட்டது. இனி எவ்வளவும் எடுக்கலாம்."

"மூணு வாரமா நான் திட்டு வாங்கினது உன்னாலயா?"

"ஆமா."

"அப்ப இங்கேயே நில்லு. வர்றவங்ககிட்ட நீயே சொல்லு."

நின்றேன். சொன்னேன், ஒவ்வொருவரிடமும்.

61: காய்ந்த கணவாய், 3 கிலோ, ஹனோய்.

ஐந்து மணிக்கு 74. செவ்வாய், புதன் பட்டியலிலும் தேடினேன். திங்களன்று வந்த பெரியவரின் டா நாங் நிலா கேக் எதிலும் இல்லை.