நீ எங்களை வேண்டாம் என்று சொன்ன நாள்

அக்கா,

பேத்தி ராமநாதபுரம் மார்க்கெட்டிலிருந்து இறால் வாங்கி வந்தாள். பையைப் பிரித்ததும் அடித்த வாடையில், ஈர சிமெண்டுத் தரையில் உனக்கு எதிரே நிற்கிற மாதிரி இருந்தது. ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகுமே, அதுகூட அப்படியே வந்தது.

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. நீ சொன்னதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை.

மழை இல்லாமல் மிளகாய்ச் செடி நின்ற வாக்கில் கருகிப்போன வருசம் அது. கடலாடிப் பக்கத்திலிருந்து எங்கள் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றி, கடற்கரை இறால் கம்பெனிக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை அங்கே உரித்தவர்கள் எல்லாம் உங்கள் ஊர்ப் பொம்பளைகள். நாங்கள் வந்த பத்தாம் நாள் மேனேஜர் கூட்டம் போட்டு, இனிமேல் எல்லா ஊர்க்காரர்களும் கலந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்றார். "யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். அப்படிக் கேட்பது வழக்கம், யாரும் வாய் திறப்பதில்லை. நீ முன்னால் வந்தாய்.

"காட்டுக்காரப் பொம்பளைகளை வேலைக்கு வச்சுக்காதீங்க சார். அவுகளுக்கு மழை பெஞ்சா விதைக்கக் காடு இருக்கு. எங்களுக்குக் கடலை விட்டா என்ன இருக்கு? உரிக்கவும் தெரியலை. மிளகாய்ப் பழம் பறிக்கிற மாதிரி வெடுக்குன்னு இழுக்குறாக. சதை பாதி தலையோட போகுது."

எங்களை வைத்துக்கொண்டே சொன்னாய். எனக்குக் காது சுட்டது. சொன்னதில் பாதி நிஜம் என்பதால் இன்னும் கூடுதலாகச் சுட்டது.

மறுநாளே உன் பேச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. உன்னைக் கண்டால் வேன் டிரைவர் காறித் துப்பினான். மனசுக்குள் அதையே நினைத்த உன் ஊர்க்காரிகள்கூட தூக்குச்சட்டியோடு தள்ளிப்போய்ச் சாப்பிட்டார்கள். உன்னை நிறுத்தச் சொல்லி சூப்பர்வைசர் பொம்பளை ஒரு பேப்பர் எழுதினாள். "எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு. இல்லேன்னா சனிக்கிழமையோட நின்னுக்க" என்றார் மேனேஜர். பக்கவாதம் வந்த மனுசன் வீட்டில் படுத்துக் கிடக்க, உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்படியும் நீ, "மனசுல பட்டதைச் சொன்னேன். படலைன்னு பொய் சொல்லவா?" என்றாய்.

பேப்பர் வேனுக்கு வந்தது. பதினொரு பேர் ரேகை வைத்தார்கள். அத்தனை பேரிலும் உன்மேல் அதிகக் கோபம் எனக்குத்தான். மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சொன்னது எங்களை. பதிலும் நாங்கதான் சொல்லணும். அவளை அனுப்பிட்டா நான் சுவத்துக்கிட்டயா போய்ப் பேசுறது?"

"அப்ப உனக்குப் புகார் இல்லையா?"

"இருக்கு, மலையளவு. அவ இங்கன நின்னாத்தான அதைச் சொல்ல முடியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சுக்காம இருந்தாச் சரி" என்று பேப்பரைக் கிழித்துப் போட்டார். அதை எழுதினவள் வீட்டு விசேசத்துக்கு நான் இன்றுவரை போனதில்லை.

உன் மேசைக்கு வந்து எதிரே நின்றேன். நீ நிமிரவே இல்லை.

"நான் நன்றி சொல்லப்போறதில்லடி."

"யாருக்கு வேணும் உன் நன்றி? காடு இருக்குன்னியே, ஒருநாள் வந்து அந்தக் காட்டைப் பாரு."

வந்தாய். கருகின செடிகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றாய். "சரி, உனக்கும் ஒண்ணுமில்லதான். அதுக்காக நான் சொன்னது இல்லைன்னு ஆயிருமா?" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு என் வீட்டுக் கேப்பைக் கூழை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாய்.

அதற்கப்புறம் பதினைந்து வருசம் அதே மேசை, அதே சண்டை. என் விரலில் இறால் முள் ஏறினால், திட்டிக்கொண்டே கையை இழுத்து முள்ளைப் பிடுங்கிவிடுவாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, "அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான்டி" என்றாய். "நானும் மன்னிக்கலைக்கா" என்றேன். கட்டிலில் மெல்ல நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டாய்.

போன மாசம் எங்கள் மகளிர் குழுவில் ஒருத்தி, வெளியூர்க்காரிகளைச் சேர்க்கக் கூடாது என்றாள். எல்லாரும் அவளை எழுந்து போகச் சொன்னார்கள். "அவ சொல்லி முடிக்கட்டும், நான் பதில் சொல்றேன்" என்றேன். சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, எழுந்து போகவும் இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.