கோர்ட் கலையும் வரை

3 நவம்பர் 2025, திங்கள்

கள்ளக்குறிச்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கீழே உரக்கடை, மேலே என் கோர்ட். கோர்ட் என்று சொல்வதே கொஞ்சம் ஜாஸ்திதான். மலைப் பாதைத் தகராறுகளை விசாரிக்க என்னைச் சிறப்பு நிர்வாக நடுவராகப் போட்டிருக்கிறார்கள். நடுவர் என்றதும், “பட்டிமன்றமா?” என்று கேட்டாள் அம்மா. மழை பெய்தால் யூரியா வாசனை மேலே வரை வருகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரிகிறது.

இன்று ஒரு மனு வந்தது. மலைமேல் மேல்பூண்டிக்காடு என்ற சிற்றூர். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே ஒரு பொதுப் பாதைதான். பாதையின் இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கும் இளவரசன் என்பவர் குறுக்கே கம்பி வேலி போட்டுவிட்டாராம். செவ்வாய் தோறும் விசாரணை நாள். அடுத்த வாரம் இரு தரப்பையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

மாலையில் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து பேசினாள். “ஏளா, சாப்பிட்டியா?” என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள். “பெரிய ஆபீசராயிட்டே. உன்னைய நீன்னு கூப்பிட இனி நான் ஒருத்திதாம் போல.” சிரித்தேன். போனை வைத்த பிறகு யோசித்தால் உண்மைதான். ஆபீசில் மேடம், வீட்டுச் சொந்தக்காரருக்கு மேடம், பால்காரருக்கும் மேடம்.

11 நவம்பர், செவ்வாய்

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

ஊர் சார்பில் வந்தவர் பெரியம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர். மனுவில் எழுதியதை வாசித்துவிட்டு, பாதையின் அகலம், சர்வே எண் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அந்த அம்மாள் சட்டென்று மேசையருகே வந்து நின்றார்.

“நீ இன்னா இங்க குந்திக்கினு பேப்பரப் பொரட்டிக்கினு இருக்க? ஒரு தபா வந்து பாரு. எம் பொண்ணு கலையரசி மாசமா இருக்கறா. மார்கழில நாளு. ஆம்புலன்சு வர வழியில்ல. நீ வந்து பாத்தாதான ஒனக்குத் தெரியும்?”

நீ! ஒனக்கு! ஹால் முழுக்க ஆள், இரண்டு வக்கீல்கள், கதவருகே போலீஸ்காரர். என் காது சூடாகிவிட்டது. இளவரசன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “மலைக்காரங்க மேடம், மரியாத தெரியாது. நீங்க மனசுல வச்சிக்காதீங்க” என்றார். அதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. ஏன் என்று தெரியவில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. விசாரணையில் அமர்ந்திருக்கும் அதிகாரியை அவமதித்தாலோ, விசாரணைக்கு இடையூறு செய்தாலோ, அன்றைக்கே, கோர்ட் கலைவதற்குள், அந்த அதிகாரியே அபராதம் போடலாம். கட்டாவிட்டால் சிறை. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம். பயிற்சியில் படித்தது. பயன்படுத்துவேன் என்று நினைத்ததில்லை.

“வெளியே பெஞ்சில் உட்காருங்கள். கோர்ட் கலையும் வரை எழுந்து போகக்கூடாது” என்றேன். போலீஸ்காரர் கூடப் போனார்.

மாலையில் தலைமை எழுத்தர் ராஜாங்கம் அவரிடம் என்னவோ சொல்லிக்கொடுத்து உள்ளே அழைத்து வந்தார். “மன்னிச்சிக்கங்கம்மா. இனிமே நீங்கன்னே சொல்றேங்க” என்றார் பெரியம்மாள். பாடம் ஒப்பிக்கும் குரல். மன்னித்து அனுப்பினேன்.

நிமிர்ந்த தலையோடுதான் வீட்டுக்கு வந்தேன். நான் செய்தது சரிதானே? கோர்ட்டுக்கு மரியாதை வேண்டாமா?

12 நவம்பர், புதன்

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன. பொதுப் பாதைதான். இம்மாதக் கடைசிக்குள் வேலியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். இளவரசன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “உங்க உத்தரவுதாங்க மேடம் எனக்கு வேதம்.” பெரியம்மாள், “நன்றிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல நாள். தியாகதுருகம் ரோட்டுக் கடையில் சூடாக போண்டா வாங்கி நானும் ராஜாங்கமும் தின்றோம்.

2 டிசம்பர், செவ்வாய்

வேலி அப்படியே இருக்கிறது. இளவரசன் வந்தார். குனிந்து வணங்கினார். ஆள் கிடைக்கவில்லையாம், மழையாம், இன்னும் பதினைந்து நாள் கருணை காட்ட வேண்டுமாம். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவரிடம் எப்படிக் கடுமையாகப் பேசுவது என்று தெரியாமல், “ஒரு வாரம்தான்” என்றேன். “தெய்வம் மேடம் நீங்க” என்றார்.

தெய்வத்தின் உத்தரவை ஏன் ஐயா மதிக்கவில்லை?

5 டிசம்பர், வெள்ளி

இன்று மலைக்குப் போனேன். அன்றே போயிருக்க வேண்டும்.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜீப் வேலி வரைதான் போயிற்று. அதற்கப்பால் குன்றைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ராஜாங்கம் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். நிறைமாதக்காரியை இந்த வழியில் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிவர முடியும்.

ஊரில் எங்களுக்கு முன்பே கிராம நர்ஸ் வந்திருந்தார். “நீ ஏன் மழையில வந்த? உள்ள வந்து தலையத் தொவட்டு” என்று பெரியம்மாள் அவரை அதட்டினார். வனக்காவலர் ஒருவர் எட்டிப் பார்த்தார். மீசை நரைத்தவர், சீருடையில் இருந்தார். “வா, கூழு இருக்குது, குடிச்சிட்டுப் போ” என்று அவரையும் கூப்பிட்டார் பெரியம்மாள். பக்கத்தில் கோயில். விளக்கேற்றிய ஒரு கிழவர் சாமியிடமே, “நீ பாத்துக்கினுதான இருக்க? மழைய நிறுத்து” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது இளவரசன் எனக்குக் குடை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியம்மாள் அவரைப் பார்த்தார்.

“வாங்க” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, “வாங்க. குந்துங்க” என்றார்.

அந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் ‘வாங்க’. எனக்கும் அந்த ஆளுக்கும்!

திரும்பும்போது ஜீப்பில் ராஜாங்கத்தைக் கேட்டேன். “அவங்க பேச்சே அப்படித்தாங்கம்மா. கலெக்டரு வந்தாலும் நீதான். வேண்டாதவங்களத்தான் நீங்கம்பாங்க.”

“அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?”

“நீங்க சட்டப் புத்தகத்தத் தொறந்துட்டீங்களேம்மா. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது. மிகவும் வெட்கமாக இருக்கிறது.

6 டிசம்பர், சனி

சட்டப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். என்னை அவமதித்தால் நானே அன்றைக்கே தண்டிக்கலாம். என் உத்தரவை ஒருவர் அவமதித்தால் மட்டும் நான் புகார் எழுதி, நீதிமன்றத்துக்குப் போய், மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். என் முகத்துக்கு இருக்கும் பாதுகாப்பு என் உத்தரவுக்கு இல்லை! யார் எழுதினார்களோ, அதிகாரிகளின் மனசு தெரிந்தவர்கள்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பொதுப் பாதையில் போட்ட தடையை அவர் எடுக்காவிட்டால், நானே ஆள் வைத்து எடுத்துவிட்டு, செலவை அவரிடம் வசூலிக்கலாம். இதைச் செவ்வாய்க்கிழமையே ஏன் படிக்கவில்லை? பணிவில் மயங்கியதாலா? ஆமாம். வேறென்ன?

9 டிசம்பர், செவ்வாய்

இளவரசன் மறுபடி அவகாசம் கேட்டார். நான் இறுதி உத்தரவை வாசித்தேன். வியாழக்கிழமை அலுவலகமே வேலியை எடுக்கும், செலவு அவருடையது. உத்தரவை மீறியதற்கு நீதிமன்றத்தில் தனியே புகார்.

கட்டிய கை அவிழ்ந்தது. “நீ இன்னா நேத்து வந்தவ. நீ எத்தினி நாளு இந்த ஊர்ல குப்ப கொட்டறன்னு நானும் பாக்கறேன்” என்றார்.

இது அசல் ‘நீ’. வித்தியாசம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது! ராஜாங்கம் பேனாவைத் திறந்துகொண்டு, “அம்மா, அந்த செக்‌ஷன் போட்டுடலாங்களா?” என்றார். ஆசையோடுதான் கேட்டார்.

எனக்கும் ஆசைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மாலைக்குள் இவர் மன்னிப்புக் கேட்டு மறுபடி ‘மேடம்’ என்பார். அந்த மேடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“வேண்டாம். உத்தரவை மீறியதை மட்டும் எழுதுங்கள்” என்றேன்.

11 டிசம்பர், வியாழன்

வேலி போயிற்று! ஜேசிபி கல்தூண்களைப் பிடுங்கப் பிடுங்க, ஊரே நின்று பார்த்தது. கலையரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாதையின் நடுவில் நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியம்மாள் வந்து, “ரொம்ப நன்றிங்க” என்றார். “அன்றைக்கு உங்களை உட்காரவைத்தது தப்பும்மா. நீன்னே சொல்லுங்க” என்றேன்.

அவர் ராஜாங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேணாங்க. அப்பறம் பெஞ்சில குந்த வச்சிடுவீங்க.”

கிண்டலா, நிஜமா? ஜீப்பில் வழியெல்லாம் யோசித்தேன். நிஜம்தான் என்று தோன்றுகிறது.

27 டிசம்பர், சனி

ராஜாங்கம் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே போனதாம். பெண் குழந்தை, இருவரும் நலம். நான் உடனே அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், பெஞ்சில் உட்காரவைத்தது உட்பட. “போளா, உனக்கு அந்தக் கொழுப்பு சின்னதிலேயே உண்டு” என்றாள். மனசு லேசாயிற்று.

7 ஜனவரி 2026, புதன்

புகார்தாரராக நீதிமன்றத்தில் நின்றேன். டவாலி என் பேரை மொட்டையாகக் கூப்பிட்டார். “சத்தமாச் சொல்லுங்க” என்று மாஜிஸ்திரேட் என்னை அதட்டினார். இளவரசன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். வெளியே வரும்போது என்னைப் பார்த்து, “வணக்கம் மேடம்” என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

13 ஜனவரி, செவ்வாய்

நாளை போகி. ஆனாலும் ஹால் நிறைய ஆள். ஒரு வக்கீல் வாய்க்கால் கேஸில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு பெரியம்மாள் உள்ளே வந்தார். கையில் தூக்குவாளி. யாரையும் கேட்கவில்லை, நேராக மேசைக்கு வந்தார்.

“நீ சாப்ட்டியா?”

வக்கீல் வாயைத் திறந்தபடி நின்றார். ராஜாங்கம் பதறி எழுந்தார். “ஏம்மா, கோர்ட்டு நடக்குதுல்ல!”

“நடக்கட்டும். மரவள்ளிக் கெழங்கு அவிச்சி எடுத்தாந்தேன், ஆறிப்போவுது. பேத்திக்கு நாளு பாத்துப் பேரு வைக்கணும், நீ வரணும். சாப்ட்டியா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல.”

கண் கலங்கிவிட்டது. குனிந்து, எழுதுவதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன். விசாரணைக்கு இடையூறு. ஐயமே இல்லை, அதே பிரிவுதான். இத்தனை பேர் பார்க்க இதை விட்டுவிடலாமா?

“வெளியே பெஞ்சில் போய் உட்காரு. கோர்ட் கலையும் வரை எழுந்து போகக்கூடாது” என்றேன்.

பெரியம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, “சரி, நீ வெரசா வா” என்று சொல்லிவிட்டு, வாளியோடு போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கே கோர்ட்டைக் கலைத்துவிட்டேன்.