திமிங்கிலப் படகில் ஓர் இடம்

அன்புள்ள சின்னுவின் அப்பாவுக்கு,

நானும் சின்னுவும் நன்றாக இருக்கிறோம். அணைக்கட்டு வேலையைப் படமெடுக்கப் போன இடத்தில், அந்தக் குளிரில் உங்கள் இருமல் விட்டதா? போன வாரம் நீங்கள் சிக்னல் தேடி மலைமேல் ஏறிப் பேசியதில் எனக்குக் கேட்டது, "திமிங்கிலம் என்னாச்சு?" என்பது மட்டும்தான். பெண்டாட்டி என்னாச்சு என்றும் கேட்டீர்களோ என்னவோ, அதற்குள் லைன் போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் உங்கள் பெயருக்கு இடம் பிடித்தாகிவிட்டது. எட்டுப் பேர் போகும் படகு. மற்ற ஏழு இடங்களும் முன்பே போய்விட்டன. பத்து வருடம் கேமராவோடு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்து நீங்கள் சேர்த்ததில் முக்கால்வாசி ஒரே நாளில் கரைந்தது. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று கேமராவுக்கு மழையுறையும் வாங்கிவிட்டேன்.

பயண அலுவலகத்துப் பெண்ணை நான் படுத்திய பாடு சொல்லி மாளாது. படகை எவ்வளவு கிட்டே விடுவார்கள்? நூறு மீட்டர் தள்ளியே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். மூச்சு விடுவது கேட்குமா? கேட்குமாம், நாற்றமும் அடிக்குமாம். தூங்கும்போது மூழ்காதா? "அக்கா, இதுக்குமேல நீங்க திமிங்கிலத்தைத்தான் கேக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நானே நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். மூளையில் பாதி தூங்கும், பாதி விழித்திருக்குமாம். நம் சின்னு பள்ளிக்கூடத்தில் செய்வதும் அதுதான்.

இன்னொன்றும் படித்தேன். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. அந்த வால் படங்களை வைத்துத்தான், இது போன வருடம் வந்தது, இது புதிது என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நாம் இத்தனை வருடமாக ஸ்டுடியோவில் முகத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். அங்கே வால்தான் அத்தாட்சி!

இந்த ஆர்வத்தில் ஒரு காரியம் செய்தேன், கோபிக்கக் கூடாது. நீங்கள் வீட்டில் விட்டுப்போன நீள லென்ஸை எடுத்துக்கொண்டு மூன்று நாள் ஆற்றுப் படகில் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்தேன். ஆடுகிற படகில் படம் தேறுமா என்று பார்க்கத்தான். முதல் நாள் எடுத்ததில் ஆறே சாய்ந்து கிடந்தது. டிக்கெட் கொடுப்பவர், "யாரையாவது காணோமாம்மா? போலீஸ்ல சொல்லணுமா?" என்று கவலையோடு விசாரித்தார். நீர்க்காகத்தைத் தேடுகிறேன் என்றதும் நகர்ந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. லென்ஸுக்குள் தேடக் கூடாது. வெறும் கண்ணால் தண்ணீரைப் பார்த்து, பறவை முங்கிய திசையில் கொஞ்சம் தள்ளிக் காத்திருக்க வேண்டும். தலை தெரிந்ததும் அமுக்கினேன். அலகில் மீன், மீன் வாலில் சொட்டு நீர். சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடல்நலப் படிவத்தில், படகில் தலைசுற்றல் வருமா என்று ஒரு கேள்வி. அதே ஆற்றில், இருபது நிமிடம்கூட இல்லாத பயணத்தில், நீங்கள் என் மடியில் முகம் புதைத்துக்கொண்டு வந்ததை எழுதுவதா, விடுவதா? மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். மாத்திரை இருக்கிறதாம். "ஆனா போட்டா ஆளை அசத்திடும்" என்றார். ஐந்து நாளும் கடலிலேயே இருக்க வேண்டும். போட்டால் தூக்கம், போடாவிட்டால் வாந்தி. எப்படியும் திமிங்கிலம்தான் உங்களைப் பார்த்துவிட்டுப் போகும்.

சுற்றி வளைப்பானேன். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. இது உங்கள் கனவு. கல்யாணமான புதிதில் நீங்கள் இதைப் பற்றிப் பேசப் பேச நான் கொட்டாவி விட்டதும் மறக்கவில்லை. அன்றைக்கு இல்லாத ஆசை இன்றைக்கு எங்கிருந்து முளைத்தது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. இன்னோர் இடம் காலியாக இருந்தாலும் நமக்குக் கட்டுப்படியாகாது. பெயரை இருபதாம் தேதிவரை மாற்றலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அவளாகச் சொல்லவில்லை, நான் கேட்டேன்.

பாவம் பார்த்து விட்டுக்கொடுக்காதீர்கள். அப்படிப் போனால் நடுக்கடலில் எனக்கு உங்கள் முகம்தான் தெரியும். மாத்திரையோ வாந்தியோ, நானே போகிறேன் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். சட்டைகளை மடித்து நானே பெட்டி கட்டுவேன்.

படிவத்தில் ஒட்ட ஒரு படம் வேண்டும். உங்களுடையது ஸ்டுடியோவிலேயே இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன். நேற்றுக் கடை சாத்துவதற்கு முன், டைமரைப் போட்டு என்னையும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். படிவத்துப் படத்தில் சிரிக்கக் கூடாது. நாலு தடவை எடுத்தேன், நாலிலும் பல் தெரிகிறது.

அந்த நாலாவது படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள்,
சின்னுவின் அம்மா