நீ என் மடியில் போட்ட பிள்ளை

அக்கா,

பள்ளிக்கரணையில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்கு உரைக்க வசம்பு சுட்டார்கள். அந்தக் கருகல் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்குக் குமட்டியது. "இந்த வயசுல மசக்கையாம்மா?" என்று மகள் கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது.

பேச்சு வரவேண்டும் என்று வசம்பைத் தேய்த்துத் தேய்த்தே உன் மூத்தவன் நாக்கைப் புண்ணாக்கினார்கள். ஆறு மாதம் வரை முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை அவன். அப்புறம் கழுத்து நிற்கவில்லை, வலிப்பு வந்தது, இரண்டு வயதில் போய்விட்டான். அடுத்தது ஐந்தாம் மாதமே கலைந்தது. மூன்றாவதாக வந்த பெண்ணும் அண்ணனைப் போலவே தலை தொங்கிக் கிடந்தாள். நீ கட்டிக்கொண்டது அம்மாவின் கூடப்பிறந்த பெரிய மாமாவை. ஆனால் மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பால்தான் விஷம் என்றார்கள், கிரகணத்தில் வெளியே வந்திருப்பாய் என்றார்கள். அதையும் உன் வீட்டில் உட்கார்ந்து, நீ போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வந்தேனே. இதற்கு முன் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்கம்மா." உனக்கும் எனக்கும் நடுவே பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் வலிப்பில் போனார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. நீ அவர்களை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அம்மாவும் அத்தை மகனைக் கட்டியவள்தான். செத்த குழந்தையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் "ரெண்டு பொண்ணு" என்பாள் அம்மா. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பியும்விட்டாள்.

அந்த வருஷமே எனக்குச் சின்ன மாமாவைப் பேசி முடித்தார்கள். உரிமைப் பெண்ணை வெளியே விடக் கூடாதாம். தாம்பரத்தில் நம் வீட்டில் பரிசத் தட்டு மாற்றும் நேரம். அபசகுனம் என்று உன்னை அழைக்கவே இல்லை. நீயாகவே கூடுவாஞ்சேரியில் ரயிலேறி வந்து, நேரே நடுக்கூடத்துக்கு நடந்து, பிள்ளையை என் மடியில் போட்டாய்.

"நல்லாப் பாத்துக்கோடி. ஒனக்கும் இதான் பொறக்கும். அம்மா பெத்ததுல ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க இப்டியே போச்சு. எனக்கு ரெண்டு போச்சு, இதுவும் போவும். இன்னும் எத்தினி பொதைக்கணும்?"

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பேசிக்கினு கீற? வூட்டு மானத்த வாங்காதடி!" அம்மா உன் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

சின்ன மாமா எழுந்து வெளியே போனார். பரிசம் அதோடு நின்றது.

அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையின் எச்சில் என் பட்டுப்புடவையில் ஒழுகியது. "சீ" என்று அவளைத் தரையில் தள்ளினேன். நீ முதலில் உன் முந்தானையால் என் புடவையைத் துடைத்தாய், அப்புறம்தான் அவளைத் தூக்கிக்கொண்டாய்.

பத்தே நாளில் அவளும் போனாள். வெளியில் வரன் பார்க்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகாதே என்றாள் அம்மா. நானும் போகவில்லை. உறவே இல்லாத இடத்தில் வாக்கப்பட்டேன். எனக்குப் பிறந்த மூன்றும் ஓடியாடி, வாய் ஓயாமல் பேசி, வளர்ந்து ஆளாகிவிட்டன. அன்று நான் அவளைத் தள்ளியதை நீ சாகும் வரை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

அம்மாவையும் ஊரையும் இவ்வளவு திட்டுகிறேன். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருப்பது நான் சொன்ன அந்த "சீ"தான். அன்று அவள் என் மடியில் கிடந்ததால்தான் என் மூன்று பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாய் என்றுகூட நான் உன்னைக் கேட்டதில்லை, அக்கா.