எட்டு வாரத்துக்கு ஓர் ஒப்பந்தம்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் வராத நிலையில் எனக்கு நம்பிக்கைதான் மிச்சம்.

ஃபோனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நான் கத்துகிறேன், ஆறாவது நிமிஷம் நீ வைத்துவிடுகிறாய். "லெட்டர் எழுதலாம்ப்பா, நடுவுல யாரும் குறுக்க பேச முடியாது" என்று நீதான் சொன்னாய். நான் எழுதுகிறேன். இது மூன்றாவது கடிதம். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வரவேற்பில் இருக்கும் பெண் நான் உறை ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "சார், தபால் ஆபீஸே உங்களை நம்பித்தான் ஓடுது போல" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் கல்லூரியின் அறிவிப்பைப் படித்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஆய்வகத்தில் வேலை, மொத்தம் பன்னிரண்டு இடம். அதற்குக் கீழேயே மருத்துவமனையில் சனிக்கிழமை தன்னார்வப் பணி. நீ இரண்டாவதில் சேர்ந்திருப்பதாக உன் அம்மா வழியாகக் கேள்விப்பட்டேன். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போன இந்த மூன்று வருஷத்தில் எனக்குச் சொல்லியனுப்பிய ஒரே செய்தி அது.

சக்கர நாற்காலி தள்ளுவது தப்பில்லை. ஆனால் அதைச் செய்தவர் யார் என்று எந்தத் தாளிலும் பதிவாகாது. ஆய்வகத்துக்கு விண்ணப்பி. இருபத்துநாலு வருஷமாக ஊரார் இரத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா

---

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து மன்னிப்பு. தேர்வு இருந்தது.

ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஆனால் சனிக்கிழமை வேலை வெறும் நாற்காலி தள்ளுவதல்ல அப்பா. என்னை டயாலிசிஸ் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று கணக்கு. நான் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "தாகம் எவ்வளவு இருக்கு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் "பதினொண்ணு" என்பார். "பத்துக்குள்ள சொல்லணும் தாத்தா" என்றால், "அப்ப உங்க தாளு சின்னதும்மா" என்பார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன்.

இந்தத் தாகத்தை ஆராயும் ஆய்வகம் ஒன்று இங்கேயே இருக்கிறது. நோயாளிகளின் உமிழ்நீரை எடுத்து உப்பு பார்க்கிறார்கள். அதைத்தான் கேட்கப் போகிறேன். "ஏன் இந்த ஆய்வில் சேர விரும்புகிறாய்" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்துச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
சின்னக்குட்டி

---

பிப்ரவரி 25

அன்பு சின்னக்குட்டிக்கு,

உன் ஒரு பக்கத்தைப் படித்தேன். இதை அனுப்பாதே. பஸ் டிரைவர், பதினொன்று, திறக்காத தண்ணீர் பாட்டில் என்று எழுதினால் தேர்வுக் குழு உன்னை இரக்கமுள்ள பெண் என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டும். நானே வேறு எழுதி இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போயிற்று. போகட்டும், ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு வேறென்ன வேலை? அப்படியே நகல் எடுத்து அனுப்பு.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் மறுபடி சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் இரண்டு வருஷம், நாங்கள் நெட்டையர் என்று அழைத்த அந்தப் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளனாக இருந்தேன். மையவிலக்கு எந்திரத்தின் பக்கத்திலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். கட்டுரை வெளிவந்தபோது ஐந்து பெயர்கள் இருந்தன. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழே, கண்ணாடிக் குழாய் கழுவியவருக்கு அடுத்ததாக இருந்தது. நெட்டையர் என் தோளைத் தட்டி, "உன் பேரும் இருக்குய்யா, பாத்தியா?" என்றார். பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அப்படி ஆகக் கூடாது.

அன்புடன்,
அப்பா

---

மார்ச் 20

அன்புள்ள அப்பா,

கிடைத்துவிட்டது! பன்னிரண்டில் ஒன்று எனக்கு. தாக ஆய்வகமேதான். மே ஐந்தாம் தேதி தொடக்கம்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது, ஆனால் அதில் நான் இல்லை. அதனால் என்னுடையதையே அனுப்பினேன். நேர்காணலில் பேராசிரியை முதலில் கேட்டதே, "பதினொண்ணுன்னு சொன்னாரே, அத நீ தாள்ல எப்படிக் குறிச்ச?" என்றுதான். "பத்துன்னு போட்டு, ஓரத்துல பதினொண்ணுன்னு எழுதினேன் மேடம்" என்றேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கோபப்படாதீர்கள். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

உங்கள்,
சின்னக்குட்டி

---

மார்ச் 28

அன்பு மகளுக்கு,

வாழ்த்துகள். என் ஞாயிற்றுக்கிழமை வீணானதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இனிதான் கவனம் வேண்டும். தலையாட்டும் பேராசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். நீ உள்ளே கால் வைக்கும் முன்பே சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நீ எடுக்கும் அளவீடுகள் எந்தக் கட்டுரையில் வந்தாலும் ஆசிரியர் வரிசையில் உன் பெயர் இருக்கும், நன்றிப் பகுதியில் அல்ல. உன் குறிப்பேட்டின் நகல் உன்னிடமே இருக்கும். மீறினால் சட்டப்படி நடவடிக்கை. ஏழு அம்சங்களாக ஓர் ஒப்பந்தம் தயாரித்து, இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். முதல் நாளே பேராசிரியையிடம் கையெழுத்து வாங்கு. நேர்மையானவர் என்றால் தயங்க மாட்டார்.

அன்புடன்,
அப்பா

---

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பா,

ஒப்பந்தத்தைப் படித்தேன். என் அறைத்தோழியும் படித்தாள். "உங்கப்பா வக்கீலா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இதை நான் கொடுக்க மாட்டேன் அப்பா. நான் இரண்டாம் ஆண்டு மாணவி. எட்டு வாரத்தில் குழாய்க்குப் பெயர் ஒட்டவும் கை நடுங்காமல் அளந்து ஊற்றவும் கற்றுக்கொண்டாலே பெரிது. யார் பெயர் எங்கே வரும் என்பதற்கு அந்த ஆய்வகத்திலேயே விதி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். நான் முன்கூட்டியே சந்தேகப்பட்டுக்கொண்டு போக விரும்பவில்லை.

உங்களுக்கு நடந்தது அநியாயம். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் இது என் இடம். தயவுசெய்து இதை என்னிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள்,
சின்னக்குட்டி

---

ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. "என்னிடமே விட்டுவிடுங்கள்." இதே வார்த்தையை நான் என் தகப்பனாரிடம் சொன்னேன். அவரும் விட்டுவிட்டார். விளைவுதான் தெரியுமே.

இங்கே செய்தி ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரச் சொன்னால் நாளை நாளை என்கிறான். மாலையில் வீடு திரும்பினால் அந்தச் சொட்டுச் சத்தம்தான் வரவேற்கிறது. சரிசெய்துவிட்டால் அதுவும் இருக்காது.

ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன். இன்று உனக்குப் புரியாது, பத்து வருஷம் கழித்துப் புரியும். மே ஐந்தாம் தேதி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ, அமிலம் தெறிக்கும்.

அன்புடன்,
அப்பா

---

மே 24

அப்பா,

முதல் நான்கு நாட்கள் எப்படி இருந்தன என்று எழுத ஒரு கடிதம் தொடங்கியிருந்தேன். பிப்பெட் அக்கா என்று நாங்கள் அழைக்கும் முனைவர் பட்ட மாணவி எனக்குப் பக்கத்தில் நின்று, துளித்துளியாக அளந்து ஊற்றும் பிப்பெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "மூச்ச விடு, அதுபாட்டுக்கு எறங்கும்" என்பாள். ஐந்தாம் நாள் என் கை நடுங்கவில்லை. அந்தக் கடிதத்தை முடிக்கவில்லை.

அன்று மதியம் பேராசிரியை கூப்பிட்டார். மேசையில் உங்கள் பதிவுத்தபால் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு அம்சங்கள். "இது உனக்குத் தெரிஞ்சு வந்ததா?" என்றார். உறையில் இருந்த உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். "தெரியாதுன்னு உன் முகமே சொல்லுது. உக்காரு" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. "எனக்கு மட்டும் வந்திருந்தா டிராயர்ல போட்டு மூடியிருப்பேன்ம்மா. துறைத் தலைவருக்கும் நகல் அனுப்பியிருக்காரே உங்கப்பா. சட்டப்படி நடவடிக்கைன்னு ஒரு வரி இருக்கு. நான் அலுவலகத்துக்கு அனுப்பித்தான் ஆகணும்" என்றார்.

கல்லூரி வக்கீலின் விளக்கம் வரும்வரை நான் எந்த மாதிரியையும் தொடக் கூடாது என்று அலுவலகம் எழுதிவிட்டது. பத்து நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊற்றுவதைப் பார்த்தேன். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருவன் மெதுவாக, "பாத்துப் பேசுங்கடா, ஒப்பந்தம் வருது" என்றான். பிப்பெட் அக்கா அவனைத் திட்டினாள். ஆனால் அவளும் அதற்குப் பிறகு தன் குறிப்பேட்டை என் பக்கம் திறந்து வைக்கவில்லை.

நானே விலகிவிட்டேன். காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த பையனுக்கு என் இடம் போயிற்று. கெட்டவன் இல்லை, என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். அவன் என்ன செய்வான்?

இப்போது தினமும் டயாலிசிஸ் பிரிவுக்குப் போகிறேன். பஸ் டிரைவர், "என்னம்மா, வெள்ளக் கோட்டு எங்க?" என்றார். "வேண்டாம்னுட்டேன் தாத்தா" என்றேன். "சரி, உன் கேள்வியக் கேளு" என்றார்.

என்னிடமே விட்டுவிடச் சொல்லி எழுதினேன் அப்பா. எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே வர முடியாது என்று நினைத்திருந்தேன்.

மகள்

---

ஜூன் 1

அன்பு சின்னக்குட்டிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வேலைக்குப் போகவில்லை.

உன் இடத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் நினைப்பேனா? யாரும் உன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். இவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு தகப்பன் எழுதிய கடிதத்துக்கு அலுவலகம் இப்படி நடந்துகொள்வதும் முறையல்ல. சரி, அதை விடு.

பேராசிரியைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த முறை நான் அனுப்பவில்லை. உறையை ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். கொடுக்கலாம் என்றால் கொடு, வேண்டாம் என்றால் கிழித்துவிடு. உன்னிடமே விட்டிருக்கிறேன்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அப்பா

---

ஜூன் 19

அன்புள்ள அப்பா,

மன்னிப்புக் கடிதம் நான்கு பத்தி இருந்தது. முதல் பத்தி: "நான் அனுப்பியது தவறு. என் மகளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவளுடைய வேலையை வைத்து அவளை மதிப்பிடுங்கள்." இதை நீங்கள் எழுதினீர்கள் என்று என்னால் நம்பவே முடியவில்லை. ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு இரண்டாம் பத்தியைப் படித்தேன். அதில் நெட்டையர் வந்துவிட்டார். மூன்றாவதில் அந்த ஐந்து பெயர்கள். நான்காவதில் அலுவலகத்துக்கு ஒரு குட்டு.

கத்தரிக்கோல் எடுத்து முதல் பத்திக்குக் கீழே வெட்டினேன். மேல்பாதியைப் பேராசிரியையிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இல்லையே?" என்றார். "அது கீழ்ப்பாதியில இருந்துச்சு மேடம்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மேலே எதுவும் கேட்காமல் உள்ளே வைத்துக்கொண்டார். இந்த வருஷம் இடமில்லை. அடுத்த வருஷம் மற்றவர்களைப் போல விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பிப்பேன். அதை உங்களுக்கு அனுப்பிக் காட்ட மாட்டேன்.

கீழ்ப்பாதி என்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அதை எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அம்மா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சித்தி வீட்டுக்குப் போனாள் என்று இப்போது தோன்றுகிறது.

நான் கொஞ்ச நாள் எழுதப்போவதில்லை அப்பா. எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லி எழுதாதீர்கள். பிரஷர் மருந்தை விடாதீர்கள். குழாயைச் சரிசெய்யுங்கள்.

மகள்

---

ஜூன் 26

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வெட்டியது சரியான இடம்தான்.

தவறு என்னுடையது.

அப்பா