பார்வையில் வைத்திருக்கிறார்கள்

1978, ஆனி 14.

கப்பலூர் கம்பெனி போட்ட இங்கிலீஷ் கடிதத்தோடு எதிர்வீட்டு முருகேசன் அண்ணன் காலையிலேயே வந்தார். அவர் மகளின் வேலை விண்ணப்பம் ‘கெப்ட் இன் வியூ’ என்று எழுதிக் கடிதத்தை முடித்திருந்தார்கள்.

“அப்படின்னா என்ன தம்பி?”

“பார்வையில வச்சிருக்காங்கண்ணே.”

வார்த்தைக்கு வார்த்தை சரிதான். வேலை இல்லை என்பதற்கு ஆபீசுகளில் எழுதுகிற வரி அது. டைப்பிஸ்ட்டான எனக்குத் தெரியாதா? அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் கேசரியோடு வந்தார். “பொண்ணு கேட்டு வந்த உசிலம்பட்டி மாப்ள வீட்டுல வேணாம்னு சொல்லிட்டு வாரேன். வேலைக்குப் போகப்போற புள்ளைக்கு இம்புட்டு அவசரமா கல்யாணம் எதுக்கு?”

கேசரியைத் தின்றேன். நாளை ஆபீசில் அதே வரியை அடிக்க ஒரு கட்டு விண்ணப்பங்கள் கிடக்கின்றன.