பத்தாவது கையெழுத்து

அனுப்புநர்
சி. கிருத்திகா (வயது 24),
காட்டுவளவு, கருங்கரடு,
ஜலகண்டாபுரம் வழி, சேலம் மாவட்டம்.

பெறுநர்
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
கருங்கரடு சட்டமன்றத் தொகுதி.

பொருள்: வேட்பாளர் திரு. சந்திரசேகரின் வேட்புமனுவில் பத்தாவது முன்மொழிபவராக உள்ள என் தாயார் சௌந்திரத்தை நாளைய பரிசீலனையில் நேரில் விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இல்லை, அந்தக் கையெழுத்து போலி அல்ல. தங்கள் அலுவலகத்தில் என்னிடம் கேட்டதற்கு அப்போது பதில் தெரியவில்லை. அறிவிப்புப் பலகையில் அம்மாவின் பெயரை மட்டுமே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். போட்டேன் என்றார் அம்மா.

2. திரு. சந்திரசேகர் எங்கள் தொகுதியின் இப்போதைய சட்டமன்ற உறுப்பினர். சாயப்பட்டறை உரிமையாளர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பட்டறையின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய என் தந்தை உள்ளே இறக்கப்பட்டார். முகமூடி இல்லை. கயிறு இல்லை. அடியில் விஷவாயு. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக நீதிமன்றம் உரிமையாளருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. அவர் வெளியில் இருக்கிறார்.

3. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த இந்தத் தண்டனை அவர் போட்டியிடுவதைத் தடுக்காது. சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஆறு மாதம் குறைகிறது. பிரமாணப் பத்திரத்தில் அவர் எதையும் மறைக்கவும் இல்லை. வழக்கு எண், பிரிவு, தண்டனை எல்லாம் உண்டு. 'தொழிலாளி ஒருவர் இறந்தது தொடர்பாக.' ஒருவர்.

4. இம்முறை கட்சி அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும். கடந்த வியாழக்கிழமை, நான் சேலத்தில் விடுதியில் இருந்தபோது, அவர் மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கட்டிலைக் காட்டியும் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாராம். "அக்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. மன்னிச்சுட்டம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, கோர்ட்டுல காட்டோணும்" என்றாராம். வாக்காளர் அட்டையையும் வாங்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். அம்மா மெதுவாகத்தான் படிப்பார். அன்று படிக்கவில்லை. "அழுதுட்டிருக்கறவங்கள எதுக்க வெச்சுட்டு எப்படிச் சாமி படிக்கறது?" என்று என்னைக் கேட்கிறார்.

5. வழக்கில் சாட்சி சொன்னபோது, இறந்தவர் பெயரைக் கேட்டார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. நீதிபதி ஒரு தாளைக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் காட்டினார். அதற்குப்பின் அவர் பேனாவைப் பிடித்தது கடந்த வியாழக்கிழமைதான்.

6. அது மன்னிக்கப் போட்ட கையெழுத்து. மன்னிப்பது அம்மாவின் உரிமை. அதில் எனக்கு இடமில்லை. ஆனால் அவர் யாரையும் முன்மொழியவில்லை.

7. இன்று பேருந்தில், என்னைத் தெரியாத ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "செத்தவன் ஊட்டுக்காரியே கையெழுத்துப் போட்டுட்டா. அப்பறம் ஆருக்குங்க நோவு?" நான் என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன்.

8. இன்று மூன்று மணியோடு வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. அவர் கொடுத்தது ஒரே மனு. அம்மாவை நீக்கினால் மீதி ஒன்பது பேர். அதன் விளைவு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

நாளை காலை பதினொரு மணிக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். அவரிடம் தாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இவர் மீண்டும் உறுப்பினராக வேண்டும் என்று நீங்கள் முன்மொழிந்தீர்களா? வேட்பாளரும் அப்போது அங்கே இருக்கட்டும். அம்மா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியாது. எதைச் சொன்னாலும் அதைத் தாங்கள் பதிவு செய்ய வேண்டும். அவர் 'இல்லை' என்று சொன்னால், அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும்.

இடம்: கருங்கரடு
நாள்: 06.04.2026

தங்கள் உண்மையுள்ள,
சி. கிருத்திகா

குறிப்பு: எழுதி முடித்ததும் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "எல்லாஞ் சரி சாமி. அவரு பேரு எங்க?" என்றார். தேடினேன். அப்பாவின் பெயரை நானும் எழுதியிருக்கவில்லை. பேனாவை அவரிடம் கொடுத்தேன். இரண்டாம் பத்தியின் ஓரத்தில் 'சின்னண்ணன்' என்று இருப்பது அம்மாவின் கையெழுத்து.